வலது முன்னங்கால்

இது கட்டுக்கதை இல்லைங்க. கோயமுத்தூர் கோட்டைமேட்டுல அப்துல் குத்தூஸ்னு கேட்டுப்பாருங்க, "ஜீப் டிரைவர்ங்களா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. அந்த மனுசனுக்கு நடந்தது. 1995 டிசம்பர் 27, புதன்கிழமை, சாயங்காலம் நாலு பத்துல இருந்து அஞ்சு அம்பது வரைக்கும். ராத்திரி கூட இல்லை, நல்ல வெளிச்சத்துல. பேய்னா பன்னெண்டு மணிக்குத்தான் வரும்னு நெனைக்கறவங்க இதைக் கேட்டுப்போட்டு அப்புறம் பேசுங்க.

குத்தூஸ் அப்போ பொள்ளாச்சி தாண்டி, மலை அடிவாரத்துல, பாலுசாமிங்கறவரோட தோப்புல ஜீப் ஓட்டிட்டு இருந்தாரு. பாலுசாமி மோட்டார் பம்பு விக்கறவரு. பம்பு விக்க கென்யாவுக்குப் போனவரு, அங்க சிங்கம் காட்டறதைப் பாத்துப்போட்டு வந்தாரு. அங்கத்த வழிகாட்டி மண்ணுல கெடக்கற தடத்தை வெச்சே, 'இது கெழட்டுச் சிங்கம், ஒரு மணி நேரத்துக்கு முன்னால போயிருக்குது'ம்பானாம். வெள்ளைக்காரனுக வாயைப் பொளந்துட்டு அவன் பின்னாலயே நடப்பானுகளாம். இவருக்கும் ஆசை வந்துபோச்சு. நம்ம தோப்புக்குப் பின்னால காடுதானே, நாம சிறுத்தையைக் காட்டுனா என்னன்னு, அங்க வாங்குன தொப்பியைத் தலையில கவுத்துட்டு ஆரம்பிச்சுட்டாரு.

இவரு தொப்பியைப் பாத்து சிறுத்தை தெனமும் ஆஜர் ஆகுமாக்கும்? ஒரு மாசம் ஆச்சு, ஒரு தடம் கூட இல்லை. அதுக்குத்தான் அந்தக் கால்.

சொல்லவே வாய் கூசுதுங்க. காட்டுப்பன்னிக்கு வெச்ச கம்பிக் கண்ணியில சிறுத்தை ஒண்ணு மாட்டிச் செத்துக் கெடந்துச்சாம். 94 சித்திரையில. பாலுசாமி அதோட வலது முன்னங்காலை வெட்டி, உப்புல ஊறவெச்சு, ஒரு கட்டையில ரெண்டு ஆணி அடிச்சு மாட்டிட்டாரு, ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. விருந்தாளிக வர்ற அன்னிக்கு மத்தியானம், ஓடைப் பள்ளத்து ஈர மணல்ல அதை அழுத்தி அழுத்தித் தடம் வெக்கறது குத்தூஸ் வேலை. வெச்சுட்டு, தென்னை ஓலையால தன்னோட காலடியைக் கூட்டி அழிச்சுட்டு வரணும். எல்லாத் தடமும் ஒரே கால்தான். நாலு காலும் வலது முன்னங்காலா ஒரு சிறுத்தை உலகத்துல உண்டுங்களா? ஒரு படிச்ச மனுசன் கூட அதைக் கவனிக்கலை. சாயங்காலமாப் பின்னாலயே வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

அந்தக் கால் என்ன உப்புப் போட்டும் முழுசாக் காயலை. வெரல் இடுக்குல எப்பவும் ஒரு பிசுபிசுப்பு. மழை நாள்ல புழு வெச்சுரும். தட்டி உதறிட்டு மறுபடியும் உப்புல பொதைக்கணும். சீ! குத்தூஸ் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்ச்சாரு, மண்ணெண்ணெய்ல கழுவுனாரு, எலுமிச்சம்பழத்தை வெச்சு உரசி எடுத்தாரு. நாத்தம் போகலை. ஊட்டுல தாஜுன்னிசா, "அந்தக் கையோட பக்கத்துல வராதீங்க"ன்னுட்டா. பெருநாள் பிரியாணியைக் கரண்டியில தின்ன ஆளு கோட்டைமேட்டுலயே அவரு ஒருத்தருதான். தன் கையைப் பாத்துத் தனக்கே கொமட்டற நெலமை எவனுக்கும் வரக்கூடாதுங்க.

அன்னிக்கு மகளையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. ஜன்னத், எட்டு வயசு. அரைப்பரீட்சை லீவு. "அத்தா, எனக்கும் சிறுத்தை காட்டுங்க"ன்னு ஒரு வாரமா உசுரை எடுத்துச்சு புள்ளை. தாஜுன்னிசா வேண்டாம்னு மல்லுக்கு நின்னா. குத்தூஸ் சிரிச்சுட்டு, "அங்க சிறுத்தையே இல்லடி, நான்தான் சிறுத்தை. புள்ளை மேல ஒரு கீறல் இல்லாம ராத்திரி இஷாத் தொழுகைக்குள்ள கொண்டாந்து விடறேன் போ"ன்னாரு. அந்தப் பேச்சை நெனைச்சு இன்னிக்கும் தலையில அடிச்சுக்குவாரு.

மத்தியானம் ரெண்டரைக்கு, புள்ளை தோப்பு ஊட்டுல சாப்பிட்டுட்டு இருந்தப்போ, தடம் வெச்சு முடிச்சாச்சு. மாமரத்துல இருந்து பெரிய பாறை வரைக்கும் இருபத்திரெண்டு தடம். பாறையோட முடிஞ்சுரும். 'இங்கிருந்து மலை ஏறிப்போச்சுங்க'ன்னு பாலுசாமி கையை ஆட்டுவாரு, அதோட ஆட்டம் முடிஞ்சுது. காலைத் தகர டப்பாவுல உப்போட வெச்சு, மூடியை இறுக்கி, ஜீப்போட பின்சீட்டுக்கு அடியில தள்ளிட்டாரு.

நாலு பத்துக்குக் கெளம்புனாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு டாக்டரும் அவரு சம்சாரமும். பாலுசாமி முன்னால குச்சியோட நடந்தாரு. பின்னால அம்பதடி விட்டு ஜீப். பின்சீட்டுல ஜன்னத், காலைத் தொங்கப் போட்டு ஆட்டிட்டு.

"பொட்டைச் சிறுத்தைங்க. ரெண்டு மணி நேரம் இருக்கும். பசியில போயிருக்குது"ன்னாரு பாலுசாமி.

டாக்டர் சம்சாரம், "ஐயோ!"ன்னு நெஞ்சுல கை வெச்சுது. குத்தூசுக்குச் சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு.

அஞ்சு அஞ்சு. பாறை வந்துச்சு.

தடம் அங்க நிக்கலை.

பாறையைச் சுத்திக்கிட்டு மேல போச்சு. பாலுசாமி திரும்பிப் பாத்து, பலே-ங்கற மாதிரி கண்ணைச் சிமிட்டுனாரு. 'இன்னிக்குக் கூடக் கொஞ்சம் வெச்சுப்போட்டயே'ங்கற சந்தோசம் அவருக்கு. குத்தூசுக்குத்தான் தெரியும், இதை அவரு வெக்கலை.

ஜீப்பை நிறுத்திட்டு எறங்கிப் போய்க் குனிஞ்சு பாத்தாரு. இடது முன்னங்கால். பின்னங்கால் ரெண்டு. மூணும் வேற வேற தடம், ஒழுங்கான தடம். வலது முன்னங்கால் பட வேண்டிய எடத்துல மட்டும் தடம் இல்லை... ஒரு குழி. மொண்டிக் கட்டையை ஊனுன மாதிரி வட்டமா ஒரு குழி.

குழிக்குள்ள மஞ்சளா என்னமோ ஊறி நின்னுச்சு. ஈ மொய்ச்சுது. அதே நாத்தம். பத்து மடங்கு.

"என்னங்க இது, ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"ன்னு டாக்டர் மூக்கைப் பொத்துனாரு. சம்சாரம் தள்ளிப் போய் வாந்தி எடுத்துச்சு.

"ஏனுங்ண்ணா," குத்தூஸ் மெதுவாக் கேட்டாரு. "அது செத்துத்தானுங்களே கெடந்துச்சு?"

பாலுசாமி தொப்பியைக் கழட்டி, மறுபடியும் மாட்டிக்கிட்டாரு.

அஞ்சு பதினெட்டு. டாக்டர்தான் அதைப் பாத்தாரு. "தடம் திரும்பி வருதே..."

திரும்பித்தான் வந்திருந்துச்சு. புதரைச் சுத்தி, அவங்களுக்குப் பின்னால. ஜீப் டயர் பதிஞ்ச கோட்டுக்கு மேலயே. அப்படின்னா ஜீப் போனதுக்கு அப்புறம் நடந்திருக்குது. மூணு தடம், ஒரு குழி. மூணு தடம், ஒரு குழி.

ஜீப்பைப் பாத்துப் போயிருந்துச்சு.

ஜீப்புல புள்ளை மட்டும் தனியா இருந்துச்சு.

குத்தூஸ் ஓடுன ஓட்டத்துல ஒரு செருப்பு எங்கயோ போச்சு. ஜன்னத் உக்காந்த எடத்துலயேதான் இருந்துச்சு. அழுகலை. கீழ குனிஞ்சு பாத்துட்டு இருந்துச்சு.

"அத்தா, பூனை."

"எங்க கண்ணு?"

"சீட்டுக்கு அடியில. பாவம், நொண்டுது."

குனிஞ்சு பாத்தாரு. டப்பா மட்டும்தான். டப்பா மூடி ஈரமா மினுங்குச்சு.

"ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!"

டாக்டரும் சம்சாரமும் பின்னால ஏறிப் புள்ளைக்கு எதிர்சீட்டுல உக்காந்தாங்க. பாலுசாமி முன்னால. அஞ்சு இருபத்தாறுக்கு ஜீப் நகந்துச்சு. நகந்ததும், பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்துச்சு. யாரோ ஏறுன மாதிரி.

அப்புறம் அந்தச் சத்தம்.

சர்ர்க்... சர்ர்க்... சர்ர்க்...

தகரத்தைச் சொரசொரப்பான நாக்கு நக்கற சத்தம். எஞ்சின் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. டாக்டர் ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வெச்சுக்கிட்டாரு.

சர்ர்க்... சர்ர்க்...

நின்னுச்சு.

"அத்தா..." ஜன்னத் குரல் மாறியிருந்துச்சு. "என் காலை நக்குது. சொரசொரங்குது. வலிக்குது, அத்தா."

பிரேக் போட்டாரு. எகிறிப் பின்னால போய், ஒரு கையில புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டாரு. இன்னொரு கையைச் சீட்டுக்கு அடியில விட்டாரு. அங்க காத்து இல்லை... சூடான, நாறுன மூச்சு. கை முழுக்கப் பட்டுச்சு. டப்பாவை இழுத்தாரு.

பாலுசாமி ஓடி வந்து மணிக்கட்டைப் பிடிச்சாரு. "போட்டராதே குத்தூசு! நாளைக்கு வர்றவங்களுக்கு எதைக் காட்டறது?"

தூ! அந்த நேரத்துலயும் பேச்சைப் பாருங்க. குத்தூஸ் கையை ஒதறி, டப்பாவாலயே அவரு மூஞ்சியில ஒண்ணு விட்டாரு. முதலாளியாவது மண்ணாவது. தொப்பி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம் போச்சு. டப்பாவைப் பள்ளத்துக்குள்ள வீசி எறிஞ்சாரு.

டங்... டங்...

ஜீப் ஒரு தடவை மேல எழும்புச்சு. ஏறுனது எறங்கிருச்சு.

பாலுசாமியையும் ஏத்திட்டுக் கெளம்புனாங்க. அஞ்சு அம்பதுக்குத் தார் ரோடு வந்துச்சு. குத்தூஸ் சொன்ன மாதிரியே இஷாவுக்குள்ள புள்ளையை ஊட்டுல சேத்துட்டாரு. கீறல் ஒண்ணும் இல்லை. வலது குதிகால்ல மட்டும், தேங்காய்த் துருவியால தேய்ச்ச மாதிரி தோல் உரிஞ்சு செவந்திருந்துச்சு. தாஜுன்னிசா மருந்து போட்டா, புருசனைப் பாக்கலை. அந்த எடத்துல இன்னிக்கும் தோல் வழுவழுன்னுதான் இருக்குது.

மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு குத்தூஸ் காட்டு வாட்சர் திருமலைசாமிகிட்டப் போய், தான் செஞ்சது அத்தனையும் கக்கிட்டாரு. திருமலைசாமி இருபது வருசமாக் காட்டுல கெடக்கற ஆளு. "தூ, நீங்கெல்லாம் மனுசங்களா?"ன்னு ஒரே வார்த்தை கேட்டுப்போட்டு, கயிறை எடுத்துட்டுக் கூட வந்தாரு.

டப்பா பள்ளத்துல கெடந்துச்சு. மூடி தெறந்திருந்துச்சு. உப்பு இருந்துச்சு. கட்டை இருந்துச்சு, ரெண்டு ஆணியும் கட்டையிலயே நீட்டிட்டு இருந்துச்சு.

கால் இல்லை.

அங்க வரைக்கும் வந்த தடம் மூணு கால், ஒரு குழி. அங்கிருந்து போன தடம்... நாலு கால். வலது முன்னங்கால் மட்டும் கொஞ்சம் ஆழமா அழுந்தியிருந்துச்சு.

தடம் பாலுசாமி தோப்புக்குள்ளயே போய், மூலையில இருந்த பாழுங்கிணத்து விளிம்புல முடிஞ்சுது. திருமலைசாமி கயிறு கட்டி எறங்குனாரு. தண்ணி இல்லாத கெணறு. அவரு குரல் கீழ இருந்து வந்துச்சு.

"குத்தூசு... எலும்பு கெடக்குதுங்க. சிறுத்தைதான். காஞ்சு வெளுத்திருக்குது. ஒன்னரை வருசம் இருக்கும்."

"செரிங்க."

"செத்தப்புறம் காலை வெட்டுனதாத்தான உங்காளு சொன்னாரு?"

"ஆமாங்க."

"சுவரு பூராக் கீறல். ஒரு ஆள் ஒசரத்துக்கு. எல்லாம் ஒரே பக்கத்துக் கால்ல கீறுனது. செத்தது எங்கயாச்சும் சுவரேறுமாங்க? உசுரோட வெட்டி, உசுரோட தள்ளியிருக்கறான்."

குத்தூஸ் தன் வலது கையை வேட்டியில தொடைச்சாரு. தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

கீழ எலும்பைப் பெரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் திருமலைசாமி கேட்டாரு.

"வெட்டுனது எத்தனை காலுங்க?"

"ஒண்ணுதானுங்க. வலது முன்னங்கால்."

"இங்க நாலும் இருக்குதுங்க. மூணு வெறும் எலும்பு. வலது முன்னங்கால்ல மட்டும் தோல் இருக்குது, முடி இருக்குது... ரெண்டு ஆணி ஓட்டை இருக்குது. கயிறை இழுங்க குத்தூசு. சீக்கிரம் இழுங்க. இது இன்னும் ஈரமா இருக்குது... இப்பத்தான் நக்கி முடிச்ச மாதிரி."