அறுபடாத எலுமிச்சம்பழம்

போன வருட ஆயுத பூஜை அன்று மாலை, பொழிச்சலூரில் இருக்கும் என் அப்பாவின் மரப்பட்டறையில் நடந்தது இது.

அப்பாவுக்கு விரல்கள் ஒன்பதரை. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், மரம் அறுக்கும் மிஷின் அவருடைய இடது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரிக்கும் முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த வேலையில் வந்த கூலியில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; இன்று இஞ்சினியர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

நாவலூரில் வேலைக்குச் சேர்ந்து, சேமித்து, அப்பாவுக்குப் புது மிஷின் வாங்கினேன். அதன் பிளேடில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் பட்டால் அதை உணர்ந்து, கண் இமைப்பதற்குள் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடின் பல்லைக் கவ்விக்கொள்ளும். பிளேடு மேசைக்குக் கீழே இறங்கிவிடும்.

அப்பா நம்பவில்லை. "விரல் எது, மரம் எதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? நடு வேலையில நின்னு பேஜார் பண்ணும். பூஜையன்னிக்கு ஓட்டிப் பாக்குறேன். சரிப்படலைன்னா பழசுதாம்மா."

பழைய மிஷினை விற்காமல் மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் பாதி விரல்தான் ஞாபகம் வரும்.

பூஜைக்கு உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாம் பொட்டு வைத்து அடுக்கினோம். சரஸ்வதிக்கு என் பங்காக, மிஷினோடு வந்த கையேட்டை வைத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மிஷின் முதலில் எலுமிச்சம்பழத்தைத்தான் அறுக்க வேண்டும். அந்தப் பலியை வாங்கிக்கொண்டால் வேறு பலி கேட்காதாம்.

"நீ வாங்கினது, நீயே அறு" என்றார் அப்பா. மிஷினை ஓடவிட்டு, மேசை மேல் பழத்தை வைத்து நீளக் குச்சியால் தள்ளினேன்.

டப்பென்று ஒரு சத்தம். பிளேடைக் காணோம்.

அம்மா "முருகா" என்றாள். பட்டறையில் அப்பாவுக்குக் கூட்டாளியான மாமா மெதுவாக, "இன்னாம்மா இஞ்சினீரு, ஒரு பழத்துக்கே படுத்துகிச்சு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரமான எது பட்டாலும் மிஷின் அதை விரலென்றே நினைக்கும். ஈர மரம் வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் படித்துக் காட்டியவளே நான்தான். எலுமிச்சம்பழத்துக்குள் சாறு இருக்கும் என்பது மட்டும் இந்தப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. இனி அந்தச் சாக்கு விலகி, பழைய மிஷின் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

அப்பா குனிந்து பழத்தை எடுத்தார். தோலில் நகம் பட்டதுபோல ஒரு கீறல், அவ்வளவுதான். பாதி விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"மச்சான், பலி குடுத்தா வேணான்னுது பாரு. பழத்தையே வுட்டுடுச்சு, என் விரலையா எடுக்கப்போவுது?"

உடனே சரிசெய்யலாம் என்றால் கையேடு பூஜையில் இருந்தது. மறுநாள் வரை தொடக்கூடாது. விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து, "எடுத்துப் படிம்மா" என்றார் அப்பா. நான் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, எழுத்தே அறியாத அவர், உபரியாக வாங்கி வைத்திருந்த அலுமினியக் கட்டையையும் புதுப் பிளேடையும் மாட்டினார். நடுவில் ஒருமுறை, "படம் தப்பா கீதே" என்றார். நான்தான் புத்தகத்தை அவருக்குத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய மிஷின் அந்த வாரமே உடைபட்டு இரும்புக் கடைக்குப் போனது.

அந்தப் பழம் காய்ந்து சுருங்கி, இன்னும் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேர்வுகளில் நான் சரியாக எழுதிய விடைகள் எத்தனையோ. ஆனால் அப்பாவின் ஒன்பதரை விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் செய்த அந்த ஒரு தப்பைத்தான் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.