விடியுமுன் பிறந்தவர்கள்

என் வீட்டு முன்னறையில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறது. மரச்சட்டம் ஒரு மூலையில் விட்டுப்போய், கம்பி சுற்றி இறுக்கியிருக்கும். 'விடியுமுன் பிறந்தவர்கள் முதலில் சொல்லவும்' என்று அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் தொட்டுக் கும்பிட்டதும் உண்டு. நான் விளக்கம் சொல்வதில்லை. அது அக்காவின் கையெழுத்து. அவளுக்கு யார் மீதெல்லாமோ வந்திருக்க வேண்டிய கோபம் மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் ரத வீதியில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை ஒன்று திறந்தார்கள். கண்ணாடி போட்ட சின்ன அறை, உள்ளே ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். கோவிலுக்குள் போகிற பவ்யத்தோடுதான் ஜனங்கள் அங்கேயும் போனார்கள். அக்கா டைப்ரைட்டிங்கில் ஹயர் முடித்திருந்ததால் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. எதிர்ச்சாரி நூல் கடையில் எனக்கு வேலை. கல்லாவில் இருந்து பார்த்தால் அவள் முதுகும் பின்னலும் தெரியும். ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் பெண் அவள்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையோ பொய்யோ, எங்களுக்கு அதில் பெருமை.

தொடக்கத்தில் வந்த புரோகிராம் சின்னது. பெயர், ஊர், தேதி, நேரம் கேட்கும், கட்டம் போட்டுக் கொடுக்கும். கொஞ்ச நாளில் மெட்ராஸில் இருந்து புதிய பதிப்பு என்று ஒரு கட்டு பிளாப்பிகள் வந்தன. இதைப் போட்டதும் முதலில் குத்துவிளக்கு ஒன்று கோடு கோடாக வரையப்படும். பிறகு பிள்ளையார். தும்பிக்கை முடிகிறவரை எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது. பிறகு கீச்சுக் குரலில் ஒரு மங்கள இசை. அதன்பின் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. கடைசியில் 'எல்லாம் சரியா?' என்று கேட்கும். இல்லை என்றால் மறுபடி குத்துவிளக்கு. நடுவில் பிளாப்பி மாற்றச் சொல்லும், மாற்றினால் பழையதைக் கேட்கும். காத்திருப்பவர்களோ இந்தத் தாமதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொக்கிப் போவார்கள். "பெரிய கணக்குல்லா போடுது" என்பார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இந்தப் பெட்டிக்குக் கேள்வி கேக்கத்தான் தெரியும் தம்பி. நாம சொல்லுதது அதுக்குக் காதுல ஏறாது" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

அதன் காதில் ஏறாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கம் விடிந்தால்தான் அடுத்த நாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று மணிக்குப் பிள்ளை பிறந்தால், செவ்வாய் ராத்திரி என்றுதான் சொல்வார்கள், செவ்வாயின் தேதியைத்தான் எழுதியும் வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு நடுச்சாமத்திலேயே தேதி மாறிவிடுகிறது. செவ்வாய்த் தேதியும் மூன்று மணியும் கொடுத்தால், அது நம் கணக்கில் திங்கட்கிழமை ராத்திரிக்குப் போய் ஒரு நாள் பின்தங்கின நட்சத்திரத்தைப் போடும். இதை ஒரு வார்த்தை கேட்டுத் தெளிய அந்தப் புரோகிராமில் இடமில்லை. பிள்ளையாருக்கு இடம் இருந்தது. அக்காதான் ஒவ்வொருவரிடமும் "விடியுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று விசாரித்து, தேதியைத் தள்ளிப் போடுவாள்.

அந்தச் சமயத்தில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி வீட்டில் இருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று, வெட்கப்படாமல் அவளிடம் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டார். அவள் குத்துவிளக்குக் கதையைச் சொன்னாள். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர்கள் போன பிறகு அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்ததை நான் பார்த்தேன். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்தது.

அக்காவுக்குக் கையால் எழுதிவைத்த ஜாதகத்தில் மகம் நட்சத்திரம். மாப்பிள்ளையின் தாய்க்கு அது போதவில்லை. எதற்கும் மிஷினிலும் பார்த்துவிடுவோம் என்று தன் தம்பியை அனுப்பினாள். பெண்ணைக் கொண்டே பார்க்கச் சொல்வது முறையில்லை என்று, அந்த மனிதர் அக்காவுக்கு விடுமுறையான நாளில் கடைக்குப் போயிருக்கிறார். முதலாளி அண்ணாச்சி தாமே உட்கார்ந்து, அப்பா எழுதிக் கொடுத்திருந்தபடி செவ்வாய்த் தேதியையும் ராத்திரி மூன்று மணியையும் அடித்தார். ஆயில்யம் என்று வந்தது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அதைவிட மோசம், நாங்கள் நட்சத்திரத்தை மாற்றி எழுதி ஏமாற்றப் பார்த்தோம் என்ற பேச்சு.

அப்பா புளியங்குடிக்கு ஓடினார். நடந்ததை விளக்கி, பெண்ணே நேரில் போட்டுக் காட்டுவாள், வந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டி வந்தார். மாப்பிள்ளையின் அம்மாக்காரி கண்ணாடி அறைக்குள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் நானும் சுவரோடு ஒட்டி நின்றோம். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. விளக்கு வந்தது, பிள்ளையார் வந்தார், பாட்டு முடிந்தது. பெயரை அடித்தாள், அப்பா பெயரை அடித்தாள். அடுத்த கேள்வி வரவில்லை. 'இவர் ஏற்கெனவே பதிவாகியுள்ளார்' என்று ஒரு வரி, உடனே பிரிண்டர் அலற ஆரம்பித்தது. பழைய தாளே மறுபடி வந்தது. ஆயில்யம்.

சின்ன புரோகிராமில் பழைய பதிவை அழிக்க வழி இருந்தது. புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அக்கா அப்பாவின் இனிஷியலைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்து, வேறு ஆளைப் போல மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். மறுபடி விளக்கு, மறுபடி பிள்ளையார், அந்தத் தும்பிக்கை. சரியான தேதியைப் போட்டாள். மகம் வந்தது. தாளைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

அந்த அம்மா வாங்கவில்லை. "பேர மாத்துனா நட்சத்திரமும் மாறுதே தாயீ. நல்ல மிஷினுதான்" என்றாள்.

"இல்லத்தே, தேதியத்தான்..." என்று அக்கா ஆரம்பித்தாள். அத்தை என்று அவளை அழைத்தது அதுதான் முதலும் கடைசியும். அந்த அம்மா அதற்குள் எழுந்துபோய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அண்ணாச்சி அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "மிஷினு தப்புன்னு நானே சொன்னா, இதுவரைக்கும் வாங்கிட்டுப் போனவுக எல்லாம் வாசல்ல வந்து நிப்பாவ வே. நான் என்ன செய்ய?" என்றார். கெட்டவர் இல்லை. மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுச் சண்டை பிடித்தார். அடுத்த பதிப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த பதிப்பும் வந்தது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் தோகை விரித்த மயில் இருந்தது.

அக்கா வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் விடவில்லை. மறுநாளே அந்தச் சிலேட்டை எழுதிக் கண்ணாடிக் கதவில் மாட்டினாள். கடையை ஒரேயடியாக மூடுகிறவரை அங்கேயே இருந்தாள். ராயகிரியில் இருந்தும் மேலநீலிதநல்லூரில் இருந்தும் வந்த எத்தனையோ பெண்களுக்கு அவளால் சரியான நட்சத்திரம் கிடைத்தது. அவளுக்கு மட்டும் ஆயில்யம் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த சம்பந்தங்களில் எல்லாம் அந்தப் பேச்சு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் அப்பாவிடம், "போதும்ப்பா, இனிமே யாருக்கும் காபி போட மாட்டேன்" என்றாள். அப்பா அதற்குப் பிறகு யாரையும் அழைத்து வரவில்லை.

போன மாதம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அவள் பெயரில் இருந்த இன்சூரன்ஸ் பாலிசியை முடிக்க, கம்பெனியின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். இப்போது பிள்ளையார் இல்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என்றைக்கு இறந்தார்கள் என்று ஆபரேட்டர் பெண் கேட்டாள். "செவ்வாக்கிழம ராத்திரி" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "விடியுறதுக்கு முன்னாலயா சார்?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கணவர் பெயர் என்ற இடத்தில் பக்கம் நின்றுவிட்டது. கல்யாணம் ஆகவில்லை என்றேன். இல்லை என்று அடித்துப் பார்த்தாள், சிவப்பாகத் திட்டியது. காலியாக விட்டாள், மறுபடி திட்டியது. "இது எதாவது இல்லாம அடுத்த பக்கம் போவாது சார். ஒரு புள்ளி வச்சிப் பாக்கட்டா? சில நேரம் ஏத்துக்கிடும்" என்றாள்.

புள்ளியை வைத்தாள். ஏற்றுக்கொண்டது.

அச்சடித்துக் கொடுத்த தாளை வீட்டுக்கு வந்து பார்த்தேன். அக்காவின் பெயர், அப்பாவின் பெயர், கணவர் பெயர் என்ற இடத்தில் அந்தப் புள்ளி. மடித்து, சிலேட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.