துரை பங்களாவின் அரை அங்குலக் குழாய்

திறந்ததும் முதலில் காற்றுதான் வரும்... பெருமூச்சு மாதிரி. பிறகு துருவாடை. கடைசியில் தண்ணீர், சொட்டுச் சொட்டாக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் குழாய் ஃபிட்டர். அந்தச் சொட்டு நான் மாட்டிய குழாயில் வந்ததுதான்.

குன்றின் மேல் தொட்டி. அங்கிருந்து இறங்கும் குழாயில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு கிளை, துரை பங்களாவுக்கு ஒரு கிளை. துரை புதிதாக ஷவர் வைத்தார். தண்ணீர் பீய்ச்சவில்லை, தொப்பென்று விழுந்தது.

தோட்ட ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டக்காரன் ரப்பர் குழாயின் நுனியை விரலால் அமுக்கித் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருந்தார்.

"ஒடுங்கினா வேகம் கூடுது, பாரும். முழுக் குழாயையும் மெல்லிசாப் போடும்."

"நுனிய மட்டும் ஒடுக்குனா போதாதுங்களா?"

"உமக்கு விளங்காது."

பங்களாக் கிளை முழுவதையும் அரை அங்குலமாக மாற்றினேன்.

மறுநாள் காலை துரை தலை நிறையச் சோப்போடு, துண்டு கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றார். "கிராணி, ஆயர் மானா?" மலாயில் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

கிராணி லயத்தைக் கை காட்டினார். "அங்க திறந்து விட்டிட்டினம். லயத்துக் குழாயைப் பூட்டும்."

பூட்டினால் பெண்கள் அரை மைல் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். லயத்து மருதாயி குடத்தோடு வந்து நின்றாள். "பூட்டுங்க ஐயா. அப்பவும் தண்ணி வரலேன்னா எங்களுக்குத் திறந்து விட்டுடணும்."

பூட்டினோம். ஷவர் அப்போதும் சொட்டியது.

ஷவருக்குச் சற்று முன்னால் அழுத்தமானியை மாட்டினேன். மூடியிருக்கும்போது முள் மேலே நின்றது. திறந்ததும் கீழே படுத்தது.

"தண்ணி நிக்கிறப்போ முழு பலமும் இருக்குங்க. ஓடினா, ஒல்லிக் குழாய்ல உரசியே அது தீந்து போவுது."

கிராணி தானே நாலு தடவை திறந்து மூடினார். ஒவ்வொரு தடவையும் முள் படுத்தது.

"என்ர பிழைதான். துரையிட்ட நானே சொல்லுறன்."

சொல்லவும் செய்தார். அன்றே லயத்துக் குழாயைத் திறந்துவிட்டோம். மருதாயி முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு போனாள்.

பழைய தடித்த குழாயையே திரும்பப் போட்டு, ஷவரின் வாயை மட்டும் ஒடுக்கினேன். சோதித்துப் பார்க்கும்போது கிராணி வெள்ளைக் கோட்டும் டையுமாக ஷவருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் கவனிக்காமல் திறந்துவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேகம் காணும்" என்றார், போதும் என்ற அர்த்தத்தில்.

இப்போது எண்பது வயதில், ஜோகூர் பாருவில் பத்தாவது மாடியில் குடியிருக்கிறேன். தண்ணீர் தானாக ஏறி வருகிறது... யார் தள்ளுகிறார்கள் என்றே தெரியவில்லை. போன மாதம் இரண்டு நாள் நின்றுபோனது. குடியிருப்பு ஆபீசுக்கு போன் போட்டு, யார் செய்த பிழை என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார்கள்.