ராஜா ஆண்ட வரைக்கும் ஓசிக் காபி

பவ்லோஸைப் போல ஒரு காபிக்காரர் அந்தத் தீவில் முன்பும் இருந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஆடு மேய்த்தவரின் மகன். பள்ளிக்கூடத்துக்குப் போனது இரண்டே குளிர்காலம். பன்னிரண்டு வயதில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஏறி இறங்கிக் காபித் தட்டு சுமந்தார். இருபத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, கோயில் சதுக்கத்தில் தானே கல் சுமந்து கடை கட்டினார். எவனும் தூக்கிவிடவில்லை. அவர் போடும் காபியில் நுரை விளிம்பு வரை வந்து நிற்கும், சிந்தாது. கடை திறந்த நாளிலிருந்து அதில் ஒரு நாற்காலியில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. அடுப்புக்கு முன்னால் நிற்பவர் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும் என்பார்.

மனைவி அர்கிரோவின் தம்பி கோஸ்டிஸ் படகுத் தச்சன். ராஜா என்ற சொல்லைக் கேட்டாலே துப்புகிறவன். பவ்லோஸோ ராஜா படத்தைச் சுவரில் மாட்டி, ராஜா நாட்டைவிட்டுப் போனபோதெல்லாம் கழற்றி, வந்தபோதெல்லாம் மறுபடி மாட்டி, ஆணி அடித்த இடத்தையே பொத்தலாக்கியவர். அப்படியும் இருவரும் ஒருநாள் பார்க்காவிட்டால் இருப்புக்கொள்ளாது.

நாற்பத்தேழாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி. ஊரே ஒருவரை ஒருவர் முட்டாளாக்கும் நாள். அதில் கோஸ்டிஸை மிஞ்ச ஆளில்லை. முந்தின வருஷம், கழுதை மணிக்கூண்டில் ஏறிவிட்டதென்று சொல்லி பவ்லோஸைப் பாதித் தாடி மழித்த முகத்தோடு ஓடவைத்தவன். அன்று மாலை அவன் மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தான்.

“அத்தான்! தந்தி வந்திருக்கு. ராஜா செத்துட்டாராம். தம்பிதான் இனிமே ராஜாவாம். உம்ம பேரு, அத்தான்! ராஜா பவ்லோஸ்!”

கடை முழுக்கச் சிரித்தது. பவ்லோஸ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“போடா! போன தடவை கழுதை, இந்தத் தடவை ராஜாவா?”

“என் பிள்ளைங்க மேல சத்தியம்!”

“சரி, எல்லாரும் கேட்டுக்கோங்க. என் பேர்ல ஒருத்தர் சிம்மாசனத்துல உக்காந்தா, அவர் ஆளுற வரைக்கும் வருஷா வருஷம் என் பேர்நாள்ல இந்தத் தீவு மொத்தத்துக்கும் என் கடையில ஓசிக் காபி! என் தலைமுறைக்கும் யாரும் என்னை ‘வாக்கு மாறினவன்’னு சொல்லக்கூடாது!”

அவர் வாயை மூடவில்லை, கோயில் மணி அடித்தது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. சாவு மணி. பாதிரியார் ஏப்ரல் முதல் தேதிக்காக மணி அடிக்கிறவர் இல்லை. கடையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பவ்லோஸ் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

அர்கிரோ பிடித்துக்கொண்டாள். “சர்க்கரை ரேஷன்ல ஒரு பொட்டலம். காபிக்கொட்டை ஒரு பிடி. தீவுல முந்நூறு வாய். இந்த வாய்க்கு ஒரு பூட்டு போட ஆளில்லையா?”

“வாக்கு வாக்குதான்டி.”

ஜூன் இருபத்தொன்பது, பேதுரு பவுல் திருநாள். ஒருவர் பேர் கொண்ட புனிதரின் திருநாள்தான் அவருடைய பேர்நாள்; பவ்லோஸுக்குப் பவுல். அதற்கு அழைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், பேர்க்காரர் கொடுத்தாக வேண்டும். அதற்கு மூன்று மாதம்கூட இல்லை. பவ்லோஸ் கொண்டைக்கடலையைக் கருக வறுத்து அரைத்தார். சர்க்கரைக்குப் பதில் திராட்சைப் பாகு. ருசி வந்துவிட்டது, நுரைதான் வரவில்லை. விடியுமுன் எழுந்து போட்டுப் பார்ப்பார், கீழே கொட்டுவார். கடைசியில் ஒரு பிடி அசல் காபியைக் கலந்து, சூடான மணலில் செம்பைப் புதைத்து, மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். நுரை எழுந்தது. கடலைக் காபியில் நுரை எழுப்பியவர் ஏழு கடலுக்கும் அவர் ஒருவர்தான்.

திருநாள் பூசை முடிந்ததும் தீவே சதுக்கத்தில் நின்றது. முதல் ஆளாக கோஸ்டிஸ்.

“கோப்பையைக் காட்டும், அத்தான். கடலைத் தண்ணிதானே?”

கோப்பையைப் பார்த்தான். விளிம்பு வரை நுரை. ஒரு வாய் குடித்தான், இன்னொரு வாய் குடித்தான், தொண்டையைச் செருமினான்.

“மோசமில்ல. என் பேர்ல ஒரு ராஜா வந்தா நானும் இப்படிக் குடுப்பேன். ஆனா எங்க வரப்போறான்? இந்த ராஜாவோட ராஜாங்கமே முடிஞ்சுடும், பாருங்க.”

“பாதிரியாரே, கேட்டீங்கல்ல?” என்றார் பவ்லோஸ்.

“கேட்டேன்” என்றார் பாதிரியார், மூன்றாவது கோப்பையை நீட்டியபடி.

அதன் பிறகு இன்னும் பதினாறு பேர்நாள். ரேஷன் போனது, நல்ல கொட்டை வந்தது, லுக்கும் மிட்டாய் வந்தது, பக்கத்துத் தீவுகளிலிருந்து படகு கட்டிக்கொண்டு கூட்டம் வந்தது. அவர் ஒரு வருஷமும் தவறவில்லை. இடுப்பு பிடித்த வருஷம்கூட அர்கிரோவின் முக்காட்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

அறுபத்துநான்காம் வருஷம் மார்ச்சில் மறுபடி அந்தச் சாவு மணி அடித்தது, இந்தத் தடவை ராஜா பவ்லோஸுக்காக. பவ்லோஸ் ராஜா படத்துக்குக் கீழே ஒரு விளக்கு ஏற்றினார். கோஸ்டிஸ் வந்து தோளைத் தொட்டான். அவன் தலையும் நரைத்துவிட்டிருந்தது.

“எனக்கு ராஜா பிடிக்காது, தெரியும்ல. ஆனா உமக்காக வருத்தமா இருக்கு. வாக்கைக் காப்பாத்திட்டீர், அத்தான். இனிமே ஓய்வெடும்.”

பவ்லோஸ் கண்ணைத் துடைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “மச்சான், இப்ப யாரு ராஜா?”

“அவரோட மகன்.”

“பேரு?”

கோஸ்டிஸ் வாயைத் திறந்தான், மூடினான். மணி அடித்துவிட்டு வந்திருந்த பாதிரியார்தான் சொன்னார்: “கான்ஸ்டன்டைன். கோஸ்டிஸ்னு நாம சுருக்கிக் கூப்பிடுற இவனுக்கு ஞானஸ்நானத்துல நான் வெச்ச பேரும் அதான்.”

துக்கத்தில் இருந்த கடையில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி, அடக்க முடியாமல் எங்கும் பரவியது.

“நான் குடியரசுக்காரன்யா!” என்று கத்தினான் கோஸ்டிஸ். “ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கும்!”

“இப்பவே சிரிக்குதே, மச்சான்.”

மே இருபத்தொன்று, கான்ஸ்டன்டைன் திருநாள். கோஸ்டிஸ் அத்தானின் கடையில், அத்தானின் அடுப்புக்கு முன்னால், படகுத் தார் படிந்த விரல்களோடு நின்றான். சதுக்கம் நிறைந்திருந்தது. செம்பு பொங்கி வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதைக் கோப்பையில் ஊற்றினான். நுரை ஒரு பொட்டுகூட இல்லை.

பவ்லோஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கடையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். கோப்பையை வாங்கி மண்டி வரை குடித்தார்.

“எப்படி இருக்கு?” என்றான் கோஸ்டிஸ், வேர்த்துப் போய்.

“தேவாமிர்தம், மச்சான். அடுத்தாளுக்கு ஊத்து. இன்னும் முந்நூறு பேர் நிக்கறாங்க.”