இரண்டாம் பாகம் தமிழ்

மலையாளச் சீமையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த குற்றாலலிங்கம் 1953ஆம் வருஷம் பி.ஏ. பரீட்சையில் தோற்றுப்போனான். அதிலொன்றும் அதிசயமில்லை. அந்தக் காலத்தில் பி.ஏ. தோற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சில பேர் அதையே ஒரு பட்டம் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்கள். ஆனால் இவன் எதில் தோற்றான் என்று கேளுங்கள். தமிழில்! பொருளாதாரத்தில் அவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன். இங்கிலீஷிலும் எப்படியோ தப்பிக் கரையேறிவிட்டான். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுகிற தமிழ் காலை வாரிவிட்டது.

சர்வகலாசாலை விதி அப்படி. நீ சரித்திரம் படி, பொருளாதாரம் படி, எதை வேண்டுமானாலும் படித்துக் கிழி. அது மூன்றாம் பாகம். அதற்கு முன்னால் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய பாகங்கள் இரண்டு. முதல் பாகம் இங்கிலீஷ், இரண்டாம் பாகம் இன்னொரு மொழி. மூன்றிலும் தேறினால்தான் பட்டம். ஒன்று நின்றுபோனாலும் கறுப்புக் கவுனைத் தூர நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் பாகத்துக்கு எந்த மொழி என்பது அவரவர் இஷ்டம். குற்றாலலிங்கம் பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவன். மலையாளத்தையே எடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருப்பான். ஆனால் சாலைக் கடைத்தெருத் தமிழ்க் குடும்பங்களில் பையன்களிடம் ஒரு நினைப்பு இருந்தது. தமிழ் நம் வீட்டுச் சொத்து, அதை உட்கார்ந்து வேறு படிக்க வேண்டுமா, அந்த நேரத்தை மற்றப் பாடத்துக்குக் கொடுப்போம் என்ற நினைப்பு. அதை நம்பித் தமிழை எடுத்தான். தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பொருளாதாரப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தான். அவன் வீட்டில் பேசுகிற தமிழ் எந்தத் தமிழ் என்று அவன் யோசித்ததே இல்லை. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த பேச்சு, இந்த ஊர் மழையில் ஊறி ஊறிப் பாதி மலையாளமாகிக் கிடந்தது.

கேலிக்குக் கேட்கவா வேண்டும்! கூடப் படித்த வேலாயுதன் மலையாளம் எடுத்துத் தேறியவன். நடுத்தெருவில் நிறுத்தி, "எடா, பாண்டிக்குத் தமிழ் அறிஞ்சூடெங்கில் பின்னே ஆருக்காடா அறியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பாண்டிக்காரனுக்கே தமிழ் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும் என்று அர்த்தம். தாய்மாமன் தாணு அதற்கு மேலே போனார். "தெக்கே நாஞ்சில் நாட்டுல அவனவன் தமிழ் தமிழ்னு கூட்டம் போட்டு அடி வாங்குதான். நம்ம வீட்டுல ஒருத்தன் தமிழ்லயே பெயிலாகி வந்து நிக்கான். வெளிய சொல்லிராதிய" என்றார்.

கேலியை விட்டுத் தள்ளலாம். தள்ள முடியாத ஒன்று இருந்தது. புத்தன்சந்தையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவன் தற்காலிக குமஸ்தாவாக இருந்தான். வருஷம் முடிவதற்குள் பி.ஏ. தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்று மானேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் அவன் அம்மா சிவகாமியம்மாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இள வயதிலேயே தாலியறுத்துக் கைப்பிள்ளையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். தாணு நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அடுப்படி அவர் மனைவியுடையது. சிவகாமியம்மாள் இத்தனை வருஷமாக அங்கே சமைத்தாள், ஆனால் உப்பு எவ்வளவு போடுவது என்பதைக்கூடத் தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தாள். "மக்களே, எனக்குப் பொன்னும் வேண்டாம் புடவையும் வேண்டாம். ஒரு வாடகை வீடு. அதுல எனக்கே எனக்குன்னு ஒரு அடுப்பு. அது மதி" என்பாள். மதி என்றால் போதும் என்று அர்த்தம். அவள் பேச்சில் இப்படித்தான் ஒன்றோடொன்று கலந்து வரும். அந்தப் பேச்சைக் கேட்கவே சந்துப் பெண்கள் வாளியோடு கிணற்றடியில் காத்துக் கிடப்பார்கள். ஒரு பூனை பாலைக் குடித்த கதையைச் சொன்னாலும் பூனையாகவும் பாலாகவும் அவளே மாறிவிடுவாள். அந்த வீட்டில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

குற்றாலலிங்கம் வெட்கத்தை விட்டுத் தமிழ்ப் பேராசிரியர் பகவதிப்பெருமாளைப் போய்ப் பார்த்தான். அவர் அவனுடைய பழைய கட்டுரை ஒன்றைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, எழுத்து தமிழ் எழுத்துதான். எழுதியிருக்கது தமிழ் இல்ல. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. வாயில உள்ளதுதான் கையில வரும். செப்டம்பர்ல திரும்ப எழுதணும்லா? அதுக்குள்ள மொதல்ல வாயைத் திருத்து."

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "இனிமேல் இந்த வீட்டில் எல்லாரும் நல்ல தமிழ்தான் பேசவேண்டும்" என்று அறிவித்தான். மாமா துண்டை உதறிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அத்தை காதிலேயே வாங்கவில்லை. அகப்பட்டவள் அம்மா ஒருத்திதான்.

அவளுக்கு முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பிள்ளை பாஸாக வேண்டும், அதற்காகத் தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

"மக்களே, கொறச்சு ரசம் ஒழிக்கட்டா?"

"கொறச்சு இல்லம்மா, கொஞ்சம். ஒழிக்கட்டா இல்லை, ஊற்றட்டுமா."

"சரி வாத்தியாரே. கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

"ஊற்றட்டுமா."

"நீ தின்னு முடிச்சப்பறம்தான் ரசம் வரும் போலிருக்கு" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அத்தை மட்டும் வேறு மாதிரி சிரித்தாள். "மதினிக்கும் சேத்துப் பரீட்சை வச்சிருக்கானா? பாஸாயிருவியளா?" என்று அவள் கேட்டபோது சிவகாமியம்மாளின் முகம் சுருங்கியதை அவன் பார்க்கவில்லை. அவன் கவனமெல்லாம் அடுத்து வரப்போகும் பிழையில் இருந்தது.

இப்படியே நாள் ஓடியது. அம்மா வாயைத் திறந்தால் இவன் திருத்துவான். கிணற்றடியில் பேசினால் கொல்லைக் கதவருகே வந்து நின்று திருத்துவான். பிழை பிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது பாருங்கள், அது பிடித்துக்கொண்டால் லேசில் விடாது.

ஆவணி மாதம் நாகர்கோவிலிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, "சிவகாமி, அந்தக் கரமனை ஆத்து வெள்ளத்துக் கதையைச் சொல்லு" என்றார்கள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்னா மழைங்கிய! ஆத்துல வெள்ளம் கேறி..."

"ஏறி" என்றான் குற்றாலலிங்கம்.

"ம், ஏறி. வெள்ளம் ஏறி வந்து பசுத்தொழுத்துக்குள்ள..."

"தொழுவம்."

"தொழுவத்துக்குள்ள வந்துட்டு. அந்தச் சேச்சி ஒற்றைக்கு நின்னு நெலவிளிக்கா..."

"தனியாக நின்று அலறுகிறாள்."

சிவகாமியம்மாள் நிறுத்தினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் உதடு இரண்டு தடவை அசைந்தது. "பசு... பின்னே என்னா ஆச்சு... மறந்துபோச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தக் கதையையா மறப்பாள்! அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே. அடப் பாவி, பெற்றவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை எழுப்பிவிட்டாயே என்று அவனிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வந்தவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டு நெல் விலையைப் பேச ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. படிக்க வசதியாக இருக்கிறதே என்று அவன் சந்தோஷப்பட்டான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அதுதான் கொடுமை. செய்யுளை உருப்போட்டான், இலக்கணத்தை விழுங்கினான், கட்டுரைகளை எழுதி எழுதிப் பார்த்தான். செப்டம்பரில் பரீட்சை எழுதினான். வருஷம் முடிகிற தறுவாயில் முடிவு வந்தது. தேறிவிட்டான், நல்ல மார்க். பகவதிப்பெருமாளே முதுகில் தட்டிக் கொடுத்தார். வேலாயுதன் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போனான். மானேஜர் சொன்ன சொல் தவறவில்லை, வேலை நிரந்தரமாயிற்று.

கரமனையில் ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடி போனார்கள். சிவகாமியம்மாள் புது அடுப்பைச் சாணம் போட்டு மெழுகிக் கோலமிட்டாள். பால் பொங்கியபோது அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவனும் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நினைத்ததைச் செய்துவிட்டோம் என்று இருந்தது.

ஆனால் வீட்டில் சத்தமே இல்லை. ஆபீஸ் விட்டு வந்தால் காப்பி வரும், பேச்சு வராது. கேட்டதற்குப் பதில் வரும், அதுவும் ஒரு சொல், இரண்டு சொல். பழகிய கிணற்றடியை விட்டு வந்த ஏக்கமோ, உடம்புக்கு ஏதாவதோ என்று நினைத்தான். "வைத்தியரிடம் போவோமா?" என்று ஒரு நாள் கேட்டான். "வேண்டாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்துகொண்டிருந்தான். வேலிப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. பழைய குரல், ஏற்ற இறக்கத்தோடு, சிரிப்பு கொப்புளிக்க. பக்கத்து வீட்டு ஓமனாவிடம் எதையோ அபிநயம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அய்யோ, மதி, சேச்சி! சிரிச்சு சிரிச்சு வயறு நோவுன்னு!" என்று ஓமனா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவனுக்கு அப்படியே நின்று கேட்கவேண்டும் போல இருந்தது. எத்தனை மாதமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! மிச்சத்தையும் பக்கத்தில் போய்க் கேட்போமே என்று ஆசையாக அடுப்படி வழியாகக் கொல்லைக்கு வந்தான்.

அவனைக் கண்டதும் ஓமனா நகர்ந்துவிட்டாள். சிவகாமியம்மாள் திரும்பினாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

"வா மகனே. உணவு... உணவு அருந்துகிறாயா?"

கேலி செய்கிறாளோ என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. சரியாகச் சொல்லிவிட்டோமா என்றுதான் அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எங்கிட்ட ஏன் இப்படிப் பேசுத? ஓமனாகிட்ட இப்பம் பேசினியே, அது மாதிரி பேசேன்."

"அவகிட்ட என்னா, அவ நம்மளப் போலத்தானே. நீ படிச்ச பிள்ளை. உங்கிட்ட பறைஞ்சா எனக்குத் தெற்றிப்போவும் மக்களே" என்றாள். அவள் பாஷையில் பறைவது என்றால் பேசுவது, தெற்று என்றால் தப்பு. சொன்ன மறுகணமே அவள் கை சட்டென்று வாயைப் பொத்தியது. கண்ணில் பயம். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயம்.

யாருக்காகப் பட்டம் வாங்கினோமோ அவள் வாயையல்லவா கட்டிப்போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் குற்றாலலிங்கத்துக்கு உறைத்தது. கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

"தெற்றட்டும்மா. தெற்றுனா என்னா? நீ பறை. ஓமனாகிட்ட என்னா பறைஞ்ச, அதை எனக்கும் பறை."

அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அவன் அழுதுகொண்டே அவளை உள்ளே கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் கையை விடாமல், அவள் பேசட்டும் என்று காத்திருந்தான்.