தோடம்பழக்காரர்

இரண்டாயிரத்து ஐந்தில் ஒஸ்லோவில் என்னோடு பஸ் ஓட்டிய கென்யர் ஒருவர், மதிய இடைவேளையில் ஒரு தோடம்பழத்தை, அதாவது ஆரஞ்சை, மேசை நடுவில் வைத்துத்தான் உரிப்பார். கதவில் குனிந்து வருகிற உயரம். கழுத்துப்பட்டி ஒருநாளும் தளர்ந்ததில்லை. அவருடைய நாட்டில் ஜனாதிபதி கொண்டுவந்த புதிய அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பு வந்திருந்தது. வாக்குச்சீட்டில் வாழைப்பழம் என்றால் வேண்டும், தோடம்பழம் என்றால் வேண்டாம். எங்களோடு பஸ் ஓட்டிய அவருடைய மைத்துனர் வாழைப்பழக் கட்சி. ஒருநாள் மைத்துனர் அவரைத் துரோகி என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

"ஜனாதிபதி உங்கட இனத்து ஆள்தானே?" என்று கேட்டேன்.

அவர் நோர்வேஜிய மொழியில் சொன்ன பதில் எனக்கு எங்கள் தமிழிலேயே நினைவிருக்கிறது.

"ஓம். அவருக்காக வாக்குக் கேட்டு ஊர் ஊராத் திரிஞ்சனான். ஜனாதிபதியின்ர அதிகாரத்தைக் குறைப்பன் எண்டவர். எழுதி வந்த அரசியலமைப்பில அது குறையேல்லை. நான் அந்தப் பேச்சிலதான் இப்பவும் நிக்கிறன். விட்டிட்டுப் போனது அவர்."

'வேண்டாம்' வென்ற மறுநாள் அவர் தோடம்பழம் கொண்டுவரவில்லை. நேரே மைத்துனரின் மேசையில் போய் இருந்து, அவருடைய வாழைப்பழத்தில் பாதியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

துரோகி என்ற சொல்லை ஈழத்தமிழர்களான எங்களுக்குள் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவரும் கேட்டவரும் பிறகு ஒரு மேசையில் சாப்பிட்டதை அன்றுதான் முதலில் கண்டேன்.