ஆறு அங்குலம் குறைந்த நாற்காலி

தடுப்பூசி போட்ட செவிலியருக்கு அவசரம். முடிதிருத்தும் கடைக்காரருக்கோ கூச்சம். அவர் சட்டையைக் கழற்றாமல் கழுத்துப் பக்கமாக விலக்கிக் காட்ட, ஊசி புயத்துச் சதையை விட்டுத் தோள்மூட்டின் உச்சியில் இறங்கியது. மாலைக்குள் வலி, பத்தே நாளில் வலக்கை மார்புக்கு மேல் எழ மறுத்தது. ஊசியே காரணம் என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கையைத் தூக்கியே பிழைக்கும் தொழில் அது. மனைவி அவரை இழுத்துச் சென்று தீர்ப்பாயத்தில் ஈட்டுத்தொகைக்கு மனுப் போடவைத்தாள்.

தீர்ப்பு வரும்வரை வயிறு காத்திருக்குமா? தச்சனான மைத்துனன், கடையின் மர நாற்காலிக் கால்களில் ஆறு அங்குலம் அறுத்தெடுத்தான்.

"கை தலைக்குப் போகலன்னா தலைய கைக்குக் கொண்டாந்துட வேண்டியதுதான், மாமா!"

பாதிப்பை நேரில் அறியத் தீர்ப்பாயம் அனுப்பிய நெட்டையான ஆய்வாளர் ஒருவர் வந்தார். வந்தவரை நிற்கவைப்பது தொழில் மரியாதையன்று.

"உக்காருங்க சார், காதோரம் கொஞ்சம் வளந்திருக்கு."

உட்கார்ந்தவரின் முழங்கால்கள் மோவாயை முட்டின. அந்தக் கோலத்திலேயே முடிவெட்டிக்கொண்டு, கண்ணாடியில் இருபுறமும் அழகு பார்த்து, கூலி கொடுக்க மறந்து, அந்த மேதை அறிக்கை எழுதினார்: 'மனுதாரர் தடையின்றித் தொழில் செய்கிறார். கையில் குறையேதும் காணப்படவில்லை.'

அறிக்கையின் நகல் வந்ததும் மனைவி பொரிந்து தள்ளினாள். "உங்கள யாரு அவருக்கு முடி வெட்டச் சொன்னா?"

"வாசலுக்கு வந்த தலையப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா?"

"அந்தத் தலைக்குள்ள ஏதாச்சும் இருந்திருந்தா நானும் சும்மாதான் இருந்திருப்பேன்."

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிக்கையை உருப்போட்ட பிள்ளைபோல் ஒப்பித்துவிட்டு, "வேலை செய்யற கைக்கு எதுக்குங்க ஈட்டுத்தொகை?" என்று அமர்ந்தார். மனைவி துணிப்பையைக் கவிழ்த்தாள். நான்கு மரத்துண்டுகள் மேசையில் உருண்டன.

"என்னம்மா இது?" என்றார் நீதிபதி.

"நாற்காலிக் காலுங்கய்யா. இவரு கை எட்டாத உயரம். உக்காந்தப்ப முட்டி மோவாயில இடிச்சுதா இல்லையான்னு அந்த சாரையே கேளுங்க."

ஆய்வாளர் எழுந்தார். "இடிச்சுது... நாற்காலியே அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

ஈட்டுத்தொகைக்கு உத்தரவாயிற்று. ஆனால், ஆண்டுதோறும் அதே ஆய்வாளர் வந்து கையின் நிலையை அறிக்கையிட வேண்டுமாம்! தீர்ப்பாயத்தின் நம்பிக்கை அத்தகையது.

படியிறங்கும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த தடவை அவர நிக்கவச்சே வெட்டுங்க. அப்பவாச்சும் தெரியுதான்னு பாப்போம்."